மான் வந்தால் பந்து செல்லாது

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ரகரமும் பெரிய றகரமும் எனக்கு இன்றைக்கும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, எது எது என்று பெற்றவள்தான் சொல்ல வேண்டும். வரியும் நேராக நிற்காது, வலப்பக்கம் போகப்போகக் கீழே இறங்கிவிடும். ஓட்டோவின் பின் இருக்கையில் இருந்து, முழங்காலில் தாளை வைத்து எழுதுகிறேன். அதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

தாளும் என்னுடையது இல்லை. போன கிழமை மட்டைப் பையோடு ஏறிய ஒரு இளைஞர், மைதானத்து வாசலில் இறங்கும்போது இருக்கையில் விட்டுவிட்டுப் போனது. லீக் போட்டி விதிகள், மூன்று தாள், அழகான அச்சு. திருப்பிக் கொடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் உள்ளே போய், இருபது முப்பது பேருக்கு முன்னால், "இது ஆற்ற தாள்?" என்று கேட்க வேண்டுமே. வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். என் குணம் அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது என் பெயருக்கு வாய் திறந்து பதில் சொல்ல முடியாமல், முதல் வாங்கில் இருந்துகொண்டே வரவில்லை என்று குறிக்கப்பட்டவன் நான்.

பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று வைத்திருந்தேன். முன்பக்கத்தை நிழலில் நிறுத்தி எழுத்துக்கூட்டி வாசித்தேன். அணிக்கு இருபத்தைந்து ஓவர். ஒரு பந்துவீச்சாளருக்கு ஐந்து ஓவருக்கு மேல் இல்லை. பிந்தி வந்தால் பிந்திய நேரத்துக்கு ஓவர் வெட்டப்படும். எல்லாம் பழைய விதிகள்தான், சட்டை மாற்றியிருக்கின்றன. பத்தாவது விதியில் நின்றுவிட்டேன். 'துடுப்பாடுபவருக்குப் பதிலாக ஓடுவதற்கு இன்னொருவர் அனுமதிக்கப்பட மாட்டார்.' எழுத்துக்கூட்டி வாசிப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. கெட்ட செய்தியும் மெதுவாகத்தான் வரும்.

எங்கள் காலத்தில் விதிகள் ஒரே ஒரு தாள். லீக் தலைவர், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், எல்லாரும் 'ஐயா' என்றுதான் கூப்பிடுவோம், அவர் தன் கையால் மை பேனாவில் எழுதியது. விளையாட்டுச் சாமான் வைக்கும் மரப்பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் அது ஒட்டியிருக்கும். பெட்டியைத் திறந்தால் முதலில் விதிகள் தெரியும், பிறகு மணம் வரும். மட்டைக்குப் பூசும் எண்ணெய், காயாத வியர்வை, நனைந்த கயிற்றுப் பாய், மூன்றும் கலந்த மணம்.

அந்தத் தாளில் உலகத்தில் வேறு எங்கும் இல்லாத விதிகள் இருந்தன. கிண்ணியாவில் இருந்து வரும் அணி படகுப் பாதையால் பிந்தினால் ஓவர் வெட்டக் கூடாது. ஏனென்றால் பாதை எப்போது வெளிக்கிடும் என்று பாதைக்கே தெரியாது. பாலம் வராத காலம் அது. லொறி, சைக்கிள், ஆடு, மணப்பெண் எல்லாம் ஒரே இரும்புத் தட்டில் ஏறி நின்று நீரைக் கடக்கும். அதைத்தான் நாங்கள் பாதை என்போம். இன்னொரு விதி, மானைப் பற்றியது. திருகோணமலைப் பட்டினத்தில் புள்ளிமான்கள் மாடு மாதிரித் தெருவில் திரியும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மைதானத்துக்குள்ளும் வரும். மான் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தால் பந்து செல்லாது, அந்தப் பந்தைத் திரும்பப் போட வேண்டும். ஐயா அதற்குக் கீழே அடிக்கோடும் போட்டிருந்தார்.

பத்தாவது விதியில் ஒரு மனிதரின் பெயர் இருந்தது. 'கிண்ணியா அணியின் நசீருக்கு ஒவ்வொரு போட்டியிலும் ஓடுவதற்கு ஒருவர் வழங்கப்படும்.' விதியில் பெயர் இல்லாத அந்த ஒருவர் நான்.

நசீர் நானாவைப் பாதையில்தான் கண்டேன். முஸ்லிம் ஆட்களில் மூத்தவரை நானா என்றுதான் எங்கள் பக்கம் கூப்பிடுவது. அவர் பாதையில் கயிறு பிடிப்பவர். நான் துறைமுகப் பக்கம் ஒரு ஐஸ் வாடியில் வேலை, கிண்ணியா மீன் கடைகளுக்கு ஐஸ் கொண்டுபோவேன். ஒருநாள் ஐஸ் பெட்டி முன்னாலே ஏறிவிட்டது, நான் தேத்தண்ணிக் கடையில் நின்றுவிட்டேன். பாதை விலகத் தொடங்கியதும் ஓடி வந்து பாய்ந்தேன். நடுவில் ஒரு ஆள் நீளத்துக்குத் தண்ணீர். இரும்பில் விழுந்து எழும்பினால், கயிற்றோடு ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"டேய் தம்பி, மெச் விளையாடுவியா?"

"அடிக்கத் தெரியாது நானா."

"அடிக்கிறதுக்கு நான் இரிக்கன். பந்து பொறுக்க ஒரு கால் வேணும். சனிக்கிழமை வா."

அப்படித்தான் பட்டினத்தான் ஒருவன் கிண்ணியா அணிக்குப் பன்னிரண்டாவது ஆள் ஆனேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் பயிற்சிக்காகப் பாதைத் துறையில் காத்துக் கிடப்பேன். ஒரு மணித்தியாலம், சில நாள் இரண்டு. போய்ச் சேரும்போது பயிற்சி முடிந்திருக்கும். நசீர் நானா வீட்டில் அவருடைய மனைவி ரஹ்மத் மதினி கொடுக்கும் பிளேன்டீயைக் குடித்துவிட்டு அடுத்த பாதையில் திரும்பி வருவேன். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த மாரியில் ஒரு நாள், காற்றில் பாதை ஒதுங்கி, துறைக் கல்லுக்கும் இரும்புக்கும் நடுவில் அவருடைய இடது கால் அகப்பட்டது. உயிர் தப்பியது. முழங்கால் மட்டும் அதற்குப் பிறகு மடங்கவில்லை. பாதையில் அவருக்கு உட்கார்ந்து வாகனங்களை வரிசைப்படுத்தும் வேலை கொடுத்தார்கள். ஆனால் நின்று அடிக்க அவரால் முடிந்தது. நீட்டிய கால் நீட்டியபடி, இடுப்பைத் திருப்பி அவர் அடிக்கும் அடி முன்னையதைவிட அழகு என்று மாற்று அணிக்காரரே சொன்னார்கள். அந்த முறைதான் ஐயா பெட்டியைத் திறந்து பத்தாவது விதியை எழுதினார்.

இந்த விளையாட்டில் பதிலுக்கு ஓடுபவனும் அடிப்பவனைப் போலவே காலில் பேட் கட்ட வேண்டும். அணியில் இருந்தது இரண்டு சோடி, இரண்டும் அடிப்பவர்களுக்கே சரி. ரஹ்மத் மதினி அரிசிச் சாக்கை வெட்டி, பழைய மெத்தையின் பஞ்சை அடைத்து, எனக்கு ஒரு சோடி தைத்துக் கொடுத்தார். அரிசி ஆலையின் சேவல் படம் என் வலது முழங்காலில் வந்து நிற்கும். மைதானம் முழுக்கச் சிரிக்கும்.

"சேவல் ஓடுது, பிடியுங்கோடா!"

வேறு எங்கேயாவது என்றால் நான் கூச்சத்தில் செத்திருப்பேன். ஆனால் நசீர் நானா அடித்துவிட்டு "ஓடு தம்பி!" என்றதும் எனக்கு ஒன்றும் கேட்காது. என் வாழ்நாளில் நூறு பேர் பார்க்க நான் வெட்கப்படாமல் செய்த ஒரே காரியம் அந்த ஓட்டம்தான். என் கால், அவருடைய ஓட்டம். ஓட்டப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே விழும். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

அவர் தரப்பில் ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. அடித்த பிறகு அவர் தன் கோட்டை விட்டு வெளியே வரக் கூடாது. வந்தால், நான் எங்கே நின்றாலும், அந்தப் பக்கத்து விக்கெட்டைத் தட்டினால் அவர் அவுட். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அசைந்ததில்லை.

பிறகு பாலம் வந்தது. ஊர் சந்தோஷப்பட்டது, நானும்தான். பாதையை இழுத்துக்கொண்டு போனார்கள். அதோடு நசீர் நானாவின் கதிரையும் போனது. "இனி எனக்கு ஞாயிற்றுக்கிழமை மெச் மட்டும்தான் இரிக்கி" என்று ஒரு நாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இனி எழுத வேண்டியதை எழுத வேண்டும். இதற்காகத்தான் இரண்டு தாளைத் தாண்டி வந்திருக்கிறேன்.

இறுதிப் போட்டி. கடைசிப் பந்து, ஒரு ஓட்டம் எடுத்தால் கிண்ணியாவுக்கு முதல் கிண்ணம். நசீர் நானா நிற்கிறார். நான் பக்கத்தில் தள்ளி, சேவலோடு நிற்கிறேன். பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு "ஓடு தம்பி!" என்றார். இரண்டு அடி வைத்தேன். அப்போது எனக்கு நேரே ஒரு மான் வந்தது. பெட்டை மான், தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. மான் வந்தால் பந்து செல்லாது. விதித் தாளை வாசித்து வாசித்தே வாசிக்கப் பழகியவன் நான். நின்றுவிட்டேன்.

மான் கோட்டைத் தாண்டவில்லை. முன்னங்கால் இரண்டும் சுண்ணாம்புக்கு வெளியே நின்றன. அம்பயர் கையைத் தூக்கவும் இல்லை. நான் நிற்பதை நசீர் நானா கண்டார். மறுபக்கத்தில் இருந்தவர் பாதி தூரம் வந்துவிட்டார். நசீர் நானா ஓடினார். அந்தக் காலை இழுத்துக்கொண்டு, மட்டையை ஊன்றி, நாலு அடி. பின்னால் விக்கெட்டைத் தட்டிவிட்டார்கள்.

வெளியே வரும்போது எல்லாரும் அவரைத்தான் கேட்டார்கள்.

"என்ன நசீர், ஏன் வெளிக்கிட்டனீர்?"

"என்ட காலை நானே மறந்திட்டன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஏன் நின்றேன் என்று வேறு யாரும் கேட்கவும் இல்லை. நின்றதை யாரும் பார்த்ததாகவும் தெரியவில்லை. பன்னிரண்டாவது ஆளை யார் பார்ப்பார்கள்?

அடுத்த மாதம் லீக் கூட்டம், ஒரு பள்ளிக்கூட அறையில், சின்னப் பிள்ளைகளின் வாங்குகளில். ஐயா எழும்பினார்.

"நசீர்ட நன்மைக்குத்தான் சொல்லுறன். அண்டைக்கு எல்லாரும் பார்த்தனீங்கள்தானே, ஆள் தானே ஓடிட்டார். விழுந்து மற்றக் காலும் முறிஞ்சா ஆர் பொறுப்பு? பெரிய மெச்சுகளிலயும் இப்ப ரன்னரை எடுத்திட்டாங்களாம். பத்தாவது விதியை எடுப்பம். ஆட்சேபனை உள்ள ஆக்கள் எழும்பிக் கதையுங்கோ."

நசீர் நானா கதவோரம் இருந்தார். காலை நீட்டி வைக்க அங்கேதான் இடம். அவர் என்னைப் பார்த்தார். நான் எழும்பி மூன்று சொல் சொல்லியிருந்தால் போதும். 'பிழை என்னில, ஐயா.' மானைக் கண்டு நான் நின்றதால்தான் அவர் ஓடினார் என்று தெரிந்தால், ஐயா நியாயமான மனிதர், விதியை விட்டிருப்பார். சொற்கள் வந்தன. இடாப்புக் கூப்பிடும்போது வந்து நின்ற அதே இடத்தில் நின்றன. நான் குனிந்து வாங்கில் யாரோ பிள்ளை கீறிவைத்த கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒருவரும் இல்லையா? அப்ப சரி."

ஐயா பெட்டி மூடியைத் திறந்து, அடிமட்டம் வைத்து, சிவப்பு மையால் பத்தாவது விதிக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே நசீர் என்ற பெயர் தெளிவாகத் தெரிந்தது.

வெளியே நசீர் நானா என் தோளில் கை வைத்து, "வெயில் ஏறுது, வீட்டை போ தம்பி" என்றார். அதுதான் எனக்கு அவர் சொன்ன கடைசிச் சொல்.

பாதை இருந்த காலத்தில் இரண்டு மணித்தியாலம் காத்துக் கிடந்து அவர் வீட்டுக்குப் போனவன். பாலம் வந்த பிறகு பத்து நிமிடம். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஒரு நாளும் போகவில்லை. ஓட்டோ எடுத்த பிறகு எத்தனையோ தடவை பாலத்தைத் தாண்டி ஆட்களை இறக்கியிருக்கிறேன். அவருடைய வீட்டு ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை இந்தப் பக்கம் வரை போயிருக்கிறேன். போய் என்ன சொல்வது என்று தெரியாமல் திருப்பிக்கொண்டு வருவேன். அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்றே வருடங்கள் போயின.

போன வருடம் ஒரு வயதானவர் ஏறினார். "கிண்ணியாவுக்கு விடுங்க தம்பி. நம்மட பாதை நசீர் மௌத்தாகி இண்டைக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதுறாங்க."

"எந்த நசீர்?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"நொண்டி நசீர்தான். ஆளை வச்சி ஓடுவாரே, மெச்சில."

அன்றைக்கு ஒழுங்கைக்குள் ஓட்டோவைக் கொண்டுபோய் இயந்திரத்தை நிறுத்தினேன். மதினி இத்தாவில் இருந்தார். கணவர் இறந்தால் குறித்த காலம் வரைக்கும் வெளி ஆண்களுக்கு முகம் காட்டுவதில்லை. வாசலில் ஒரு திரை, அதற்கு அந்தப் பக்கத்தில் இருந்துதான் கதைத்தார். என் பெயரைச் சொன்னேன்.

"வந்திட்டீங்களா தம்பி" என்றார்.

முகம் இல்லாத ஒரு துணியோடு கதைப்பது எனக்கு எளிதாக இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக வராத சொற்கள் வந்தன. "மதினி, அண்டைக்கு நான் நிண்டது மானைக் கண்டு. அதாலதான் நானா ஓடினவர். பிழை என்னில."

"தெரியுமே தம்பி" என்றது திரை. "அவர் அண்டைக்கே வந்து சொன்னாரே. மானை அவரும் கண்டவர்தானே. 'விதியைப் பாடமாக்கின புள்ள, அவன் நிக்கத்தான் செய்வான்' எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரே."

நான் கேட்டேன், "கூட்டத்தைப் பத்தி?"

"அதைப் பத்தி அவர் ஒண்டும் கதைக்கல்ல."

நானாவின் மகள் ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தாள். அரிசிச் சாக்கு பேட் இரண்டும், துவைத்து மடித்தபடி. சேவலின் சிவப்பு வெளிறி, கொண்டை மட்டும் தெரிந்தது. அவை இப்போது என் இருக்கைக்குக் கீழே இருக்கின்றன.

பாதைத் துறையில் கயிறு கட்டும் இரும்புத் தூண் ஒன்றுதான் மிச்சம், அதில் இப்போது ஆடு கட்டுகிறார்கள். ஐயாவும் இல்லை. பெட்டியைக் கறையான் தின்றது. மைதானத்தைச் சுற்றிக் கம்பி வேலி அடித்துவிட்டார்கள், மான்கள் வெளியே நின்று பார்க்கின்றன. அந்தப் புதிய விதிகளை இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டேன். மானும் இல்லை, நசீரும் இல்லை. இனி யாருக்காகவும் யாரும் ஓட வேண்டியதில்லை.

மூன்று தாளும் முடிந்துவிட்டன. இதை எழுதி முடித்த திகதி: கார்த்திகை ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. போட்டி நாள்.