கசெற்றின் இரண்டாம் பக்கம்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் டண்டினொங்கில் எங்கள் சபையின் பழைய கசெற்றுகளைக் கணினியில் ஏற்றிப் பாதுகாக்கிறார்கள். அப்பாவின் பிரசங்கக் கசெற்றை நானும் கொடுத்திருந்தேன். அங்கே வேலைசெய்யும் மீரா ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டாள்.

முதல் பக்கத்தில் அம்மா பாடினார். கையால் தாளம் தட்டத் தட்ட, அவருடைய கண்ணாடிக் காப்புகள் கிணுகிணுத்தன.

அந்தச் சத்தம் என்னை யாழ்ப்பாணத்து வீட்டில், மேசைக்குக் கீழே கொண்டுபோய் விட்டது. சூடேறிய ரெக்கோடரின் ரப்பர் வாசம். எனக்கு ஏழு வயது. ஆயுதம் தொடாத சபை எங்களுடையது. அப்பா அதன் மூப்பர். அவர் பதிவுசெய்யும்போது வீட்டில் யாரும் இருமக்கூடாது. அன்று அம்மா பாட்டில் ஒரு வரியை விட்டுவிட்டார். முதல் பக்கம் முடியும்வரை அப்பா பொறுமையாக இருந்தார். பிறகு கசெற்றைத் திருப்பிப் போட்டார். அம்மாவின் கையைப் பிடித்து மேசை விளிம்பில் அடித்தார், காப்புகள் எல்லாம் நொறுங்கும்வரை. ஒரு துண்டு என் மடியில் விழுந்தது. அதில் இரத்தம் இருந்தது.

"இனி ஒழுங்காய்ப் பாடு," என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினார்.

இரண்டாம் பக்கத்தில் அம்மா ஒரு வரியும் பிசகாமல் பாடுகிறார். அதன்பின் அப்பா, ஒருவர்மீதும் கை ஓங்காதீர்கள் என்று பிரசங்கிக்கிறார்.

"அன்ரி, ரெண்டாவது சைட் நல்ல கிளியர்," என்றாள் மீரா. "முதல் சைட்லதான் கிணுகிணு எண்டு ஒரு நொய்ஸ். எடுத்து விடட்டோ?"

"அது இருக்கட்டும் பிள்ளை," என்றேன். "அழிக்கிறதெண்டால் மற்றப் பக்கத்தை அழிச்சு விடு."