ஐம்பதில் ஓடிய முயல்

இந்தப் பெருநாளுக்கு வந்திருந்த மச்சான், நான் கொடுத்த வட்டலப்பத்தைத் தின்றுகொண்டே, நான் சின்ன வயதில் ஜெயித்ததெல்லாம் செல்லாது என்றார். மாமா ஜப்பானில் ரத்தினக்கல் வியாபாரம் பார்த்ததால் அங்கேயே வளர்ந்தவர் அவர். கூடத்தில் நான் தூக்கிப்போட விடாமல் வைத்திருக்கும் டப்பா டிவியையும், அதில் மாட்டியிருந்த பழைய வீடியோ கேம் பெட்டியையும் பார்த்ததும் அவருக்கு வாய் நிற்கவில்லை.

“இது ஸ்லோ வெர்ஷன் புள்ள. இதுல ஜெயிக்கிறது ஒரு ஜெயிப்பா?”

எனக்கு வந்ததே கோபம். அந்தப் பெட்டியை வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்தது என் அண்ணன் காக்காவுக்காகத்தான். காக்கா பள்ளிக்கூடம் விட்டால் கடற்கரையில் கிடப்பான். நான் வயதுக்கு வந்ததும் என் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். கடைக்குப் போவதும் நின்றது. எங்கள் திருப்பாலைக்குடி வீட்டுக்குள் அதன்பிறகு ஓடிய ஒரே ஜீவன் அந்த ஆட்டத்தில் வரும் முயல்தான். கிணறு கிணறாகத் தாண்ட வேண்டும். கடைசிக் கிணற்றைத் தெருவில் ஒரு பயலும் தாண்டியதில்லை. நான் தாண்டினேன். காக்காவே வந்து, “ஏ தங்கச்சி, அதை மட்டும் தாண்டிக் குடு” என்று கெஞ்சுவான். வாழ்க்கையில் நான் முதலாவதாக வந்தது அது ஒன்றில்தான். அதைத்தான் இந்த மனிதர் கையில் ஸ்பூனோடு ரத்து செய்துகொண்டிருந்தார்.

“வெவரமாச் சொல்லுங்க மச்சான்” என்றேன்.

“நம்ம ஊரு டிவி, துபாய் டிவியெல்லாம் ஒரு செகண்டுக்கு அம்பது தடவை படம் காட்டும். ஜப்பான்ல அறுபது. ஆட்டத்தை அறுபதுக்குத்தான் செஞ்சாங்க. இந்தப் பக்கம் அனுப்புறப்ப ஒண்ணும் மாத்தாம அம்பதுலயே ஓடவிட்டுட்டாங்க. அதான் எல்லாம் மந்தம். மேலயும் கீழயும் கறுப்பாப் பட்டை விழுதுல்ல, அதுவும் அதனாலதான்.”

அந்தப் பட்டையைப் பார்த்து, டிவியும் நம்மோடு சேர்ந்து முக்காடு போட்டுவிட்டது என்று உம்மா சிரித்தது உண்டு. நாங்கள் அதை ஆட்டத்தின் அழகு என்றே நினைத்திருந்தோம்.

மச்சான் விடவில்லை. செல்போனில் அசல் வேகத்தைப் போட்டுக் காட்டினார். முயல் பேய் பிடித்த மாதிரி ஓடியது. பாட்டும் அப்படியே. அந்தப் பாட்டை எங்கள் வேகத்தில் முனகித்தான் என் மகளைத் தூங்க வைத்தேன். அவருடைய வேகத்தில் பாடியிருந்தால் பிள்ளை பயந்து அழுதிருக்கும்.

“உக்காருங்க. இங்கன ஆடிக் காட்டுங்க” என்று கன்ட்ரோலரை நீட்டினேன்.

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். முதல் கிணற்றிலேயே விழுந்தார். மறுபடியும் விழுந்தார். அறுபதில் பழகிய விரல், கிணறு வருவதற்கு முன்பே முயலை எகிற வைத்துவிட்டது. சிரிப்பு நின்று, சட்டைக் கையை மடித்துவிட்டு ஆடினார். அப்போதும் விழுந்தார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த உம்மா, “மருமகனுக்கு எத்தனை கெணறு வேணுமாம்?” என்றாள்.

“இவ்வளவு மந்தமா இருந்தா மனுசன் எப்படி ஆடுறது?” என்று எரிந்து விழுந்தார்.

“மந்தம்னா லேசுன்னுதானே சொன்னீங்க?”

கன்ட்ரோலரை வாங்கி, அவர் கண் முன்னால் கடைசிக் கிணறுவரை தாண்டிக் காட்டினேன். விரல் எதையும் மறக்கவில்லை. நெஞ்சு நிறைந்திருந்தது, மறைப்பானேன்.

மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “என்ன இருந்தாலும் புள்ள, இந்த ஆட்டத்தை உலகம் பூரா ஆடுறவங்க அறுபதைத்தான் கணக்குல எடுப்பாங்க. அம்பதைத் தனிப் பட்டியலா ஒதுக்கித்தான் வச்சிருக்காங்க.”

“ஒதுக்கி வச்சுக்கட்டும் மச்சான்” என்றேன். “ஒதுக்கி வச்ச எடத்துல உக்காந்துதான் நான் ஆடுனேன். அங்கன மொத ஆளு யாருன்னு மட்டும் அவங்களை எழுதச் சொல்லுங்க.”