மூன்று முறை, ஏழு முறை

பீடோங் கடைவரிசையில் மருந்துக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவில் பிரேமாவதியின் ஃபோட்டோஸ்டாட் கடை இருக்கிறது. கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் பதினான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஒரு நாள் ஆட்குறைப்புக் கடிதத்தோடு வீட்டுக்கு வந்தவர் இந்தக் கடையைத் திறந்தார். படிவம் நிரப்புவது, கடிதம் அடிப்பது, அழைப்பிதழ் அமைப்பது எல்லாம் செய்வார். வேகமானவர் என்று ஊரில் சொல்வார்கள். வேகம் ஒரு குணம்தான். அதை மட்டும் வைத்து ஒருவரை எடைபோட முடியாது.

அரபு எழுத்து ஒன்றுகூடப் பிரேமாவதிக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் பதினொரு வருடமாக அரபு ஆவணங்களை அமைத்துக்கொண்டிருந்தார். சுற்றுவட்டாரத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் துஆப் புத்தகம், தஹ்லீல் புத்தகம், மார்க்க வகுப்பின் கேள்வித்தாள் எல்லாம் அவரிடம்தான் வந்தன. அதற்குக் காரணம் மும்தாஜ். நான்கு கடை தள்ளி உணவகம் நடத்தும் காஜா மைதீனின் மனைவி. மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் வந்து பிரேமாவதியின் வலதுபக்கம் நெகிழி நாற்காலியைப் போட்டு உட்காருவார். விரலைத் திரையில் வைத்து, "இது முன்னாடி வரணும், அது பின்னாடி போகணும்" என்பார். பிரேமாவதி வெட்டி ஒட்டுவார். அதுதான் அவர்கள் வேலை செய்த முறை.

தஹ்லீல் புத்தகத்தில் சிக்கல் எங்கே வரும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஓர் அரபுத் தொடர் வரும். அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் தமிழில் "3 முறை" என்று இருக்கும். அடுத்த தொடர், அதன் பின்னால் "7 முறை". இறந்தவருக்காகக் கூடி உட்கார்ந்து ஓதுகிறவர்கள் எதை எத்தனை தடவை ஓத வேண்டும் என்பதற்கான குறிப்பு அது. அரபு வலமிருந்து இடமாக ஓடும், தமிழ் இடமிருந்து வலமாக. இரண்டும் ஒரே வரியில் வந்தால், வரி எந்தப் பக்கம் தொடங்குகிறது என்று கணினிக்குச் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அதைத் தமிழ் வரியாகவே எடுத்துக்கொண்டு துண்டுகளை இடப்பக்கத்திலிருந்து அடுக்கும். வலப்பக்கத்திலிருந்து வாசிக்கிறவருக்கு இரண்டாவது தொடர் முதலில் வரும். மூன்று ஏழாகும், ஏழு மூன்றாகும்.

இதைக் கணினிக்குச் சொல்ல ஒரு பொத்தான் உண்டு என்பது இருவருக்கும் தெரியாது. வரியை வலப்பக்கம் ஒதுக்கினார்கள். துண்டுகளைப் பின்னிருந்து முன்னாக மாற்றி ஒட்டினார்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் என்டர் தட்டி வெட்டினார்கள். பார்க்கச் சரியாக இருந்தது. அச்சிலும் சரியாக வந்தது. பார்க்கச் சரியாக இருப்பதைச் சரி என்று எடுத்துக்கொள்வது எல்லாரும் செய்கிற காரியம். அவர்களை மட்டும் அதற்காகக் குறை சொல்ல முடியாது.

மும்தாஜ் இறந்து இருபத்தெட்டாம் நாள், பிரேமாவதி "நானா" என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் காஜா மைதீன் கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"தங்கச்சி, நாப்பதாம் ஃபாத்திஹாவுக்குப் புத்தகம் போடணும். முன்னூறு. போன தடவை நீயும் அவளும் செஞ்சீங்கல்ல, அதையே போடு. பேரை மாத்து. எழுத்தை மட்டும் கொஞ்சம் பெருசாக்கு. பொடியா இருக்கு, பொடியா இருக்குன்னு அவ சொல்லிக்கிட்டே இருப்பா."

"அவ்ளோதானே நானா? நாளைக்கு மத்தியானம் வாங்க."

பிரேமாவதி எல்லாவற்றையும் தெரிவுசெய்து எழுத்தின் அளவைப் பதினாறிலிருந்து இருபதாக்கினார். முப்பத்தாறு பக்கத்தில் அநேகமாக எல்லாமே சிதறின. என்டர் தட்டி வெட்டிய வரிகள் நீளம் போதாமல் உடைந்து, பாதி கீழே இறங்கின. முடிவில் இருக்க வேண்டிய துண்டு முதலில் நின்றது. அடைப்புக்குறிகள் வேறு தொடர்களோடு போய் ஒட்டிக்கொண்டன. அவர் முதல் வரியைச் சரிசெய்தார். இரண்டாவது உடைந்தது. அதைச் சரிசெய்ததும் முதல் வரி மறுபடி கலைந்தது.

பழைய அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்தது உருவம் மட்டும்தான். புள்ளி வைத்த படகு, வால் சுருண்ட கொக்கி, மேலே மூன்று புள்ளி. படகைத் தேடுவார், கண்டுபிடிப்பார், அதே மாதிரி இன்னும் நான்கு படகு அதே வரியில் இருக்கும். மறுநாள் மத்தியானம் காஜா மைதீன் வந்தபோது ஒன்றரைப் பக்கம் முடிந்திருந்தது.

"ஆச்சா தங்கச்சி?"

"நாளைக்கு நானா."

அதற்கடுத்த நாளும் அதையேதான் சொன்னார். காஜா மைதீன் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பிரேமாவதிக்கு இருந்தது.

கணவர் சுகுமாரன் கோலா கெடாவிலிருந்து மீன் ஏற்றும் லோரி ஓட்டுகிறார். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுக்க வந்தவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"நான் நாலு தடவை கோலா கெடா போய்ட்டு வந்துட்டேன். நீ இன்னும் பத்தாம் பக்கத்துலயே நிக்கிற."

"வந்து உக்காந்து நீங்க பண்ணுங்களேன் பார்ப்போம்."

"எனக்கு ரிவர்ஸ் கியர் நல்லா வரும். குடு."

"பேசாம போங்க லா!"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பிரேமாவதிக்குக் கண் கலங்கியது. மற்ற வேலை என்றால் தெரியாது என்று திருப்பிக் கொடுத்திருப்பார். இது மும்தாஜின் புத்தகம். அதில் ஒரு எண் தப்பான இடத்தில் நின்றால், மும்தாஜ் பேரைப் போட்ட தாளிலேயே மும்தாஜுக்கான ஓதல் தப்பாக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் மும்தாஜ்தான்.

சனிக்கிழமை காலையில் மும்தாஜின் மகள் அஃப்ஸானா வந்தாள். கூலிமில் தொழிற்சாலைப் பொறியாளர், அன்று விடுமுறை. அப்பா சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். நின்றபடியே சுட்டியை வாங்கி இரண்டு பக்கம் உருட்டினாள்.

"ஆண்ட்டி, இது என்ன ஒவ்வொரு வரியிலயும் என்டர்?"

"அப்படித்தான் செய்வோம்."

"வலது பக்கம் ஒதுக்குனா போதுமா? வலமிருந்து இடம்னு சொல்லணும்ல? அதுக்குன்னு பட்டன் இருக்கே."

"எங்க இருக்கு? பதினோரு வருசமா நான் பார்க்காத பட்டனா?"

"அரபு மொழியைச் சேர்த்தாத்தான் வரும். நீங்க சேர்க்கவே இல்ல."

அஃப்ஸானா அமைப்புகளுக்குள் போய் அரபு மொழியைச் சேர்த்தாள். வேர்டை மூடித் திறந்தாள். மேல்வரிசையில், பத்தி அடையாளத்தோடு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் காட்டும் சின்ன அம்புக்குறி வந்து உட்கார்ந்தது. பிரேமாவதி அதையே பார்த்தார். அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"அமுக்கு."

அமுக்கினாள். சிதறாமல் மிச்சமிருந்த வரிகளும் சேர்ந்து தலைகீழாயின.

"அலாமாக்! என்ன பண்ணே?"

"நான் ஒண்ணும் பண்ணல. நீங்க கையால திருப்பி வெச்சிருக்கீங்க. இப்ப அது சரியான பக்கமாத் திருப்புது. திருப்புனதைத் திருப்பினா இப்படித்தான் ஆகும்."

சரியான பொத்தானே தங்கள் வேலையைத் தப்பாக்குகிறது என்பதைப் பிரேமாவதியால் ஏற்க முடியவில்லை. பழைய மாதிரியே ஒட்டிவிடலாம் என்றார். ஆறு நாள்தான் இருக்கிறது என்றார். கடைசியில், "உங்கம்மா இருந்தா அரை மணி நேரத்துல சொல்லியிருப்பாங்க" என்றார்.

"அம்மா இருந்தா இந்தப் புத்தகமே வேணாமே ஆண்ட்டி."

அதற்குப் பிறகு இருவரும் சண்டை போடவில்லை. அஃப்ஸானா அமுக்கியதைச் சேமிக்காமல் பழைய கோப்பை மூடினாள். கலைக்காத மூல எழுத்து பழைய பென்டிரைவ் ஒன்றில் இருந்தது. புதிய கோப்பைத் திறந்து, முதலில் திசையைச் சொல்லிவிட்டு, பக்கம் பக்கமாக ஊற்றினார்கள். வரி எங்கே உடைந்தாலும் துண்டுகள் தத்தம் இடத்தில் நின்றன. அஃப்ஸானா வாய்விட்டு வாசித்துச் சரிபார்த்தாள். அவ்வளவு எளிதாக நடந்தது பிரேமாவதிக்கு அவமானமாக இருந்தது.

இருபத்திரண்டாம் பக்கம் வந்தபோது அவர் கையை நிறுத்தினார். பழைய கோப்பில் அந்த ஒரு பக்கத்துக்கு மும்தாஜ் இரண்டு மத்தியானம் உட்கார்ந்திருந்தார். அதில் முதலிலிருந்தே எழுத்து பெரியது, வரிகள் குறுகியவை, அதனால் அது மட்டும் சிதறவில்லை.

"இதை அப்படியே எடுத்து வெச்சுக்கிறேன். உங்கம்மா பார்த்த பக்கம்."

"அப்போ சரியாத்தான் இருக்கும்" என்று அஃப்ஸானா அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

திங்கட்கிழமை கோப்பை அனுப்புமுன், எந்தப் பக்கமாவது விட்டுப்போயிருக்குமோ என்ற பயத்தில் பிரேமாவதி எல்லாவற்றையும் தெரிவுசெய்து அந்த அம்புக்குறியை இன்னொரு முறை அமுக்கினார். பெரிதாக எதுவும் அசைந்ததாகத் தெரியவில்லை. அனுப்பிவிட்டார்.

சுங்கை பட்டாணி அச்சகத்திலிருந்து ரவிச்சந்திரன் கூப்பிட்டார்.

"அக்கா, மொதப் பக்கம் கடைசியில இருக்கு. நீங்க தூங்கிக்கிட்டே செஞ்சீங்களா?"

"வலது பக்கம் பின் அடிக்கணும் தம்பி. அது அந்தப் பக்கமிருந்துதான் தொறக்கும்."

"பையன்கிட்ட அப்பவே சொல்லிட்டேன், அவன் பக்கத்தையெல்லாம் மாத்தி வெச்சிட்டான்."

பிரேமாவதி கடையைப் பூட்டிவிட்டு நேரே அச்சகத்துக்குப் போனார். முதல் புத்தகத்தை வலப்பக்கம் பின் அடிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்பினார்.

நாற்பதாம் நாள். காஜா மைதீன் வீட்டுக் கூடத்தில் ஆண்கள், உள்ளறையில் பெண்கள். பிரேமாவதி பின்வரிசையில் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் புத்தகம். வாசிக்கத் தெரியாவிட்டாலும் எண்ணத் தெரியும். மற்றவர்கள் பக்கம் திருப்பும்போது திருப்பினார். "3 முறை" என்ற இடத்தில் விரலை வைத்தார், குரல்கள் மூன்றில் நின்றன. அடுத்த இடத்தில் ஏழு, ஏழில் நின்றன. அந்த வாரத்தில் முதல்முறையாக அவர் முதுகைச் சுவரில் சாய்த்தார்.

இருபத்திரண்டாம் பக்கத்தில், வலப்பக்கத்திலிருந்து வந்த விரல் முதலில் தொட்டது "7 முறை". குரல்கள் மூன்றில் நின்று அடுத்த தொடருக்குப் போயின. அதை ஏழு தடவை ஓதின. புத்தகத்தில் அங்கே மூன்று என்று இருந்தது.

அவர் சுற்றிப் பார்த்தார். யாரும் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. பலர் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. மனப்பாடமாகத் தெரிந்தவர்கள். எதிரே அஃப்ஸானா மட்டும் தலைநிமிர்ந்து அவரைப் பார்த்தாள், பிறகு புத்தகத்தைப் பார்த்தாள்.

பிரேமாவதிக்குப் புரிந்துவிட்டது. கையால் திருப்பி வைத்திருந்த அந்த ஒரு பக்கம். அதன்மேலும் அம்புக்குறியை அமுக்கியது அவரேதான்.

விருந்து முடிந்து எல்லாரும் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தபோது அவர் காஜா மைதீனிடம் போனார்.

"நானா, ஒரு பக்கத்துல சிலாப் ஆயிடுச்சு. என் தப்புதான்."

விவரத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "விடு தங்கச்சி. ஓதுறவங்களுக்குத் தெரியும்."

"தெரியாதவங்களுக்குத்தானே நானா புத்தகம்?"

காஜா மைதீன் மேசைக்கடியில் இருந்த கட்டுகளைக் காட்டினார். "நூத்தி எழுபது இருக்கு. ஊருக்கு அனுப்ப வெச்சேன்."

மறுநாள் மத்தியானம் உணவகத்தின் கடைசி மேசையில் பிரேமாவதியும் அஃப்ஸானாவும் உட்கார்ந்தார்கள். சரிசெய்த வரிகளை ஒட்டுத்தாளில் அச்சடித்து, கீற்றுக்கீற்றாக வெட்டிக் கொண்டுவந்திருந்தார் பிரேமாவதி. முதல் கீற்றை அஃப்ஸானா வாசித்து, "சரி" என்றாள். இரண்டாவதையும் வாசிக்கச் சொன்னார்.

"எல்லாம் ஒண்ணுதானே ஆண்ட்டி?"

"ஒண்ணுதான்னு நெனச்சுத்தான் போன தடவை விட்டேன். வாசி."

போய்விட்ட நூற்று முப்பது புத்தகங்களைப் பற்றி இருவரும் பேசவில்லை. அவற்றில் பாதியைத் தேடிப் பிடிக்கலாம், மீதியைப் பிடிக்க முடியாது. கீற்று கோணலாக விழுந்தால் பிரேமாவதி பிய்த்து மறுபடி ஒட்டினார். பரோட்டாக் கல்லின் சூடு அதுவரை வந்தது.

கட்டு முடியும் தறுவாயில் அஃப்ஸானா ஒட்டாத ஒரு புத்தகத்தை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

"அது இன்னும் ஒட்டல."

"தெரியும் ஆண்ட்டி. இது எனக்கு. அம்மா பார்த்த பக்கம் அப்படியே இருக்கட்டும்."

பிரேமாவதி கையை நீட்டினார்.

"குடு."

"ஆண்ட்டி..."

"உங்கம்மா பார்த்தப்ப இது சரியா இருந்துச்சு. இப்ப இருக்கறது நான் கெடுத்தது. குடு."

அஃப்ஸானா கொடுத்தாள். பிரேமாவதி இருபத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து, கீற்றை வலப்பக்க ஓரத்தில் முதலில் பொருத்தி, இடப்பக்கமாகத் தேய்த்துக்கொண்டே போனார்.