வலைச்சட்டையும் தலைமாட்டு விளக்கும்

எங்கள் அக்காவை வழியனுப்ப வந்தவர்களுக்கும், வர முடியாமல் தொலைவிலிருந்து அழுதவர்களுக்கும், இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் இந்த மலரைக் கையில் வாங்கும் எல்லோருக்கும் என் வணக்கம். நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று பெரியண்ணை சொன்னார். நல்லதை மட்டும் எழுதினால் அது அக்காவாக இராது. அவருடைய வாழ்வின் பாதியை ஒரு சட்டை தின்றுவிட்டது. அதை விட்டுவிட்டு எழுத என்னால் ஏலாது.

அக்கா காங்கேசன்துறையில் பிறந்தவர். ஐயாவுக்குச் சீமெந்து ஆலையில் வேலை. கொடியில் காயும் வெள்ளைத் துணியிலெல்லாம் தூசி படியும். அக்கா முணுமுணுத்துக்கொண்டு இன்னொருதரம் அலசிப் போடுவார். துணியென்றால் அவருக்கு அப்படியொரு பிடிவாதம். படித்து முடித்து, மிஷன் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தையல் ரீச்சரானார். சண்டை வந்து ஊரைவிட்டு ஓடியபோது மற்றவர்கள் நகையைத் தேடினார்கள். அக்கா தையல் மெஷினின் தலையைக் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு பண்டத்தரிப்புக்கு வந்து சேர்ந்தார். கலியாணம் பேசி வந்தவர்களையெல்லாம் "பிறகு பாப்பம்" என்று திருப்பி அனுப்பினார். அந்தப் பிறகு வரவேயில்லை.

அது கரண்ட் இல்லாத காலம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்துவோம். அந்த வெளிச்சத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள். அப்படியிருக்கப் பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா வந்தது. அதிபர் அம்மா, "பிள்ளையளின்ரை முகத்திலை ஒரு சிரிப்பைக் காணவேணும் ரீச்சர், ஏதாவது புதுசாய்ச் செய்யுங்கோ" என்றாராம். நூலகத்தில் கிடந்த வெள்ளைக்காரர் காலத்துச் சஞ்சிகையில் அக்கா ஒரு படத்தைக் கண்டார். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த படம். ருஷ்ய நாட்டுப் பாலே நடனக்காரி ஒருத்தி, இடுப்பிலிருந்து நாலு பக்கமும் விரிந்து நிற்கும் வலைச்சட்டையோடு நிற்கிறாள். டூட்டு என்று அதற்குப் பெயர். அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது. எங்கள் படுக்கைகளுக்கு மேலே கட்டும் நைலோன் நுளம்பு வலைகளை வெட்டி, அடுக்கடுக்காகச் சுருக்கி, படத்தில் இருந்த மாதிரியே தைத்து முடித்தார். அன்றிரவு தொடங்கி நாங்கள் நுளம்புக்கடியில் கிடந்தோம்.

ஆடத் தெரிவானது எங்கள் ஒழுங்கையிலேயே, நாலு வீடு தள்ளி இருந்த ஒரு பிள்ளை. பெயரை நான் எழுதவில்லை. அந்தப் பெயர் தாயாருக்குரியது.

விழா பகலில் நடக்க வேண்டியது. குண்டு போடும் பொம்மர் வந்து சுற்றியதால் எல்லோரும் பங்கர்க் குழிக்குள் இறங்கி ஏற, பொழுது பட்டுவிட்டது. நிறுத்தியிருக்கலாம். பிள்ளைகள் அழுதார்கள். அக்கா தன் கையாலேயே ஜாம் போத்தல் விளக்குகளை மேடை விளிம்பில் வரிசையாக வைத்தார். விரிந்த சட்டை போட்ட பிள்ளைக்குத் தன் காலடி தெரியாது. ஒரு சுற்றுச் சுற்றி விளிம்புக்கு வந்தது. வலை பற்றிக்கொண்டது. நைலோன் உருகி உடம்போடு ஒட்டுமே தவிரக் கழலாது. மருந்துக்கும் தட்டுப்பாடான நாட்கள். பிள்ளை சில நாள் கிடந்து போய்விட்டது. வெறுங்கையால் அணைக்கப் பாய்ந்த அக்காவின் உள்ளங்கைகள் இரண்டும் வெந்து சுருங்கின. அந்தக் கைகளை நீங்கள் எல்லோரும் கண்டிருக்கிறீர்கள், ஏன் என்று கேட்டவர்கள் குறைவு.

அதற்குப் பிறகு அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. கைகள் கொஞ்சம் மடங்கத் தொடங்கியதும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பருத்திச் சட்டை தைத்துக் கொடுத்தார், அதுவும் பருத்தி மட்டும். கார்த்திகை விளக்கீட்டுக்கு ஒழுங்கை முழுக்க விளக்கு எரிய, எங்கள் வீட்டு வளவு மட்டும் இருட்டாகக் கிடக்கும்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்தபின், கனடாவில் இருக்கும் தம்பியிடம் சொல்லி அந்தச் சட்டையைப் பற்றிய புத்தகங்களாக வரவழைத்தார். வந்தவர்களைப் பிடித்துவைத்துக் கதைப்பார். "முந்தி காஸ் விளக்குக் காலத்திலை எத்தினை ஆட்டக்காரப் பெட்டையள் மேடையிலை எரிஞ்சு செத்தவை தெரியுமே? நெருப்புப் பிடிக்காமல் இருக்கத் துணிக்கு ஒரு மருந்து தோய்ச்சிருக்கினம். சட்டை மங்குது, மொறுமொறுக்குது எண்டு அவளவை போடமாட்டன் எண்டிட்டாளவை. பிறகு கரண்ட் வெளிச்சம் வந்திது. அதுக்குப் பிறகுதான் சட்டை கட்டையாகி, கால் அசைவு தெரியவேணுமெண்டு விரிஞ்சு, நான் படத்திலை பாத்த மாதிரி வந்தது." கடைசியில் குரல் இறங்கிவிடும். "கரண்ட் வந்தாப்போலை வந்த சட்டையை, கரண்ட் இல்லாத ஊரிலை தைச்சனானே, நான் ஒரு மனிசியே?"

விசரி, பைத்தியம் என்றீர்கள். சொன்னவர்களில் சிலர் இப்போது இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். ஆறுதலாக, அவசரப்படாமல் வாசியுங்கள்.

அக்கா ஒன்றுக்குத்தான் ஏங்கினார். அந்தத் தாயார் ஒருமுறை எங்கள் வாசற்படி ஏறவேண்டும். ஏசினாலும் பரவாயில்லை, ஏறவேண்டும். வருசந்தோறும் பிள்ளையின் திவசத்தன்று அவர்கள் வீட்டு வாசல் படலைவரை போய் நிற்பார். ஒருமுறை நானும் கூடப் போனேன். அந்த அம்மா உள்ளே நின்றபடியே சொன்னார்: "ரீச்சர், நீங்கள் போங்கோ. உங்களைக் கண்டால் எனக்குப் பிள்ளை தெரியேல்லை, அந்தச் சட்டைதான் தெரியுது." அதில் என்ன பிழை? அவர் பெற்றவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் கலியாணம், செத்தவீடு என்று எந்த நன்மை தின்மையிலும் போக்குவரத்து இல்லாமல் போயிற்று.

புற்றுநோய் வந்து அக்கா படுத்த படுக்கையானார். ஒருநாள் அந்த ருஷ்யக்காரியின் கதையைச் சொன்னார். "சாகிற நேரத்திலை தன்ரை ஆட்டச்சட்டையை எடுத்து வையுங்கோ எண்டு கேட்டவவாம். உண்மையோ பொய்யோ தெரியாது. எனக்கெண்டால் அந்தச் சட்டை கனவிலையும் வரக்கூடாது." வாசற்படிப் பக்கம் பார்த்து, "பிள்ளையின்ரை தாய் வந்தவவோ?" என்று கேட்டார். "இல்லை அக்கா" என்றேன். "ஓம், எப்பிடி வருவா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அக்கா கண்ணை மூடிய அன்று, எந்தெந்த வீட்டுக்குச் சொல்லுவது என்று பெரியண்ணை ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த வீட்டை விட்டுவிட்டார். போக்குவரத்து இல்லாத வீட்டுக்கு இழவு சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. சொல்லாத செத்தவீட்டுக்கு ஒருவரும் வரவும் மாட்டார்கள். "நான் போய்ச் சொல்லுறன்" என்றேன். "உனக்கென்ன விசரே? பிரேதம் கிடக்க நீ படலை தாண்டுறதே?" என்று அண்ணை கத்தினார். தாண்டினேன். அந்தப் படலையில் நின்று, "அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மா திரும்பி உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். நோயில் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், பந்தல் போட்ட அயலவர்க்கும், பாடை கட்டியவர்களுக்கும், தேவாரம் ஓதியவர்களுக்கும், அடுப்பு மூட்டாத எங்களுக்குச் சோறு கறி கொண்டுவந்தவர்களுக்கும், என்னைத் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் முன்னின்று செய்த பெரியண்ணைக்கும் நன்றி. இன்னும் ஒருவர் இருக்கிறார்.

வாய்க்கரிசி போடத் தொடங்கிய நேரம். பெண்கள் பக்கம் அழுகை சட்டென்று நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அந்த அம்மா எங்கள் படியேறி வந்துகொண்டிருந்தார். அவர் அரிசிப் பக்கம் போகவில்லை. அக்காவின் முகத்தையும் பார்க்கவில்லை. நேரே தலைமாட்டுக்குப் போய்க் குனிந்து, அங்கே எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளி வைத்தார். விளக்குப் பக்கம் பறந்துகொண்டிருந்த அக்காவின் சீலைத் தலைப்பை எடுத்துத் தோளுக்கடியில் செருகினார்.

"விளக்கு கிட்டக் கிடந்தது, பிள்ளை. பாத்து வையுங்கோ" என்றார் என்னிடம்.

பிறகு அங்கேயே, விளக்குக்கும் அக்காவுக்கும் நடுவில், நிலத்தில் உட்கார்ந்தார். பிரேதத்தைத் தூக்கும்வரை எழும்பவேயில்லை.