அச்சேறாத பத்தி

குற்றமற்ற ஒரு பெண்ணை ஊரறியத் திருடியாக்கியவன் நான். பொய் எழுதி அல்ல. உண்மையைத் திருத்தித் திருத்தி!

கேளுங்கள்... ரங்கூனில் எங்கள் அம்மன் கோயிலின் வெள்ளித் தட்டு காணாமற்போயிற்று. வாசலில் இடியாப்பம் விற்ற மாரியம்மாள்மீது பழி விழுந்தது; வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு தட்டு உற்சவப் பெட்டிக்குள்ளேயே அகப்பட்டது. நிர்வாகிகள் வெட்கத்தால் வாய்திறக்கவில்லை. பூசாரிதான் என் காதில் போட்டார். அவள் பழியைத் துடைக்கவே நான் வாரப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினேன். ஆம், அதற்காகவே!

பிழை திருத்த புரூப் கைக்கு வந்தது. என் சொற்கள் அச்செழுத்தில்! ஈரம் உலராத அந்தத் தாளை முத்தமிட்டேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பிறகு ஓரமெல்லாம் எழுதி நிரப்பினேன். ஊராரின் ஏச்சுக்கு இன்னும் சில வாக்கியங்கள், அவள் கண்ணீருக்கு ஓர் உவமை... என்ன ஆனந்தம்!

அச்சுக்கோக்கும் கம்பாசிட்டர் தலையைச் சொறிந்தார்.

"பக்கம் கொள்ளலைங்க ஐயா. புதுசாச் சேர்த்ததை எடுத்துடலாமா?"

எடுப்பதா! என் உவமையையா?

தட்டு கிடைத்த செய்தி கடைசிப் பத்தியில் இருந்தது. சட்டென்று ஒரு யோசனை! அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளி, 'அப்படியானால் எடுத்தவள் இவள்தானா?' என்று நிறுத்தி, அடியில் 'தொடரும்' போட்டால்? வாசகர் ஒரு வாரம் துடித்துப்போவார்களே! என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்திரிகை வெளியான காலையில் மாரியம்மாள் ஒரு பிரதியோடு என் வீட்டுக்கு ஓடிவந்தாள். எழுத்தறியாதவள்.

"என்னைப் பத்தி எழுதியிருக்கீங்களாமே தம்பி! படிங்க, காது குளிரக் கேக்குறேன்."

படித்தேன். உற்சாகம் தாளவில்லை! கேள்விக்குறியில் வந்து நின்றேன். அவள் முகத்தைப் பார்த்தேன்... தாளில் இல்லாத அந்தக் கடைசிப் பத்தியை, தாளைப் பார்த்தபடியே மனப்பாடமாய்ச் சொல்லி முடித்தேன்!

ஏன் சொன்னேன்? இரக்கமா? அவள் பாராட்டையும் கேட்கும் ஆசையா? எனக்கே விளங்கவில்லை.

அவள் கைகூப்பினாள். நேரே கோயில் வாசலுக்கு ஓடினாள். பின்தொடர்ந்த நான் தெருமுனையிலேயே நின்றுவிட்டேன்.

"நான் எடுக்கலன்னு அச்சுல போட்டிருக்கு! சத்தமாப் படிங்க!"

யாரோ சத்தமாகவே படித்தார். கேள்விக்குறி வரை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் அங்கே போகவில்லை... போகவே இல்லை!

அடுத்த வாரம் மீதியும் வெளிவந்தது. அருமையான முடிவென்று பலர் கைகுலுக்கினார்கள். பத்திரிகையோடு அவளைத் தேடிப்போய், அந்தப் பத்தியை ஒரு வரி விடாமல் படித்துக்காட்டினேன்.

அவள் கேட்டாள்: "இது அதுல இருக்கா தம்பி... இல்ல, நீங்களாச் சொல்றீங்களா?"