மண்டைக்குள் இருப்பதற்கு மார்க்கு

தொண்ணூறுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பர்சனல் பிரிவில் உதவியாளராக இருந்தேன். லீவு விண்ணப்பம், சீருடை, கேன்டீன் சாம்பாரைப் பற்றிய புகார், இவைதான் என் வேலை. ஒரு திங்கட்கிழமை எம்.டி. கூப்பிட்டார். இரண்டு நாள் செமினாருக்குப் போய்விட்டு வந்திருந்தார். மேஜைமேல் நிரப்ப வேண்டிய ஒரு கட்டுப் பாரங்கள்.

"மெஷினுக்கு மதிப்பு போட்டிருக்கோம், கட்டடத்துக்குப் போட்டிருக்கோம். ஆளுங்க மண்டைக்குள்ள இருக்கறதுக்குப் போட்டோமா? அதை அளக்கணும். நீங்கதான் பண்றீங்க."

"எப்படி சார்?"

"எல்லாம் பாரத்துலயே இருக்கு."

ஆவடி பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். ஆளிடம் இருக்கும் அறிவு, கம்பெனியிடம் இருக்கும் அறிவு, வாடிக்கையாளர் உறவு என்று மூன்று பகுதிகள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மார்க்கு. மூன்று முறை படித்தேன். முதல் முறை கொஞ்சம் புரிந்தது. மூன்றாவது முறை அதுவும் போய்விட்டது.

படிப்புக்கு மார்க்கு போடுவது சுலபமாக இருந்தது. ஆனால் கூட்டிப் பார்த்தபோது, போன மாதம் சேர்ந்த டிப்ளமோக்காரர் கம்பெனியின் பெரிய அறிவாளியாகவும், மிக்சிங் மில்லில் பல வருடமாக நிற்கும், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுபவர் கடைசியாகவும் வந்தார்கள். அவர் எட்டாவதுவரை படித்தவர். ரப்பரில் கார்பன் பொடியும் கந்தகமும் சேர்த்து அரைப்பது அவர் வேலை. அவர் லீவு போட்ட நாட்களில்தான் சரக்கு திரும்பி வரும் என்பது கேன்டீன்காரருக்கே தெரியும்.

மதியம் மில்லுக்குப் போனேன். முகமெல்லாம் கரியாக நின்றார்.

"இன்னா மேடம், இந்தப் பக்கம்?"

"உங்களுக்கு என்னென்ன தெரியும்னு எழுதணும் அண்ணே."

சிரித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். மழை நாளில் எவ்வளவு நேரம் அரைப்பது, எந்த ஊர் ரப்பர் வந்தால் எதைக் குறைப்பது என்று பென்சிலில் எழுதியிருந்தார். யாரும் எழுதச் சொல்லவில்லை. மறந்துபோகுமே என்று தானாக எழுதியது.

எனக்குக் குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது. இந்த நோட்டு ஆள் பகுதியில் வருமா, கம்பெனி பகுதியில் வருமா? எம்.டி.யிடம் கேட்டேன். "ஜெராக்ஸ் எடுத்துடுங்க. அப்புறம் அது கம்பெனியோடது" என்றார்.

அண்ணன் மறுப்பார் என்று நினைத்தேன். "எட்த்துக்கோ மேடம், நான் இன்னா தலையில கட்டிக்கினா போவப் போறேன்?" என்று கையில் கொடுத்துவிட்டார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் கோர்த்தேன். கம்பெனி பகுதியில் மார்க்கு ஏறியது. பிறகு அடுத்த கேள்விக்கு வந்தேன்: இவர் வேலையை விட்டால் கம்பெனிக்கு எவ்வளவு பாதிப்பு? முந்தின நாள் ஐந்து போட்டிருந்தேன். இப்போதுதான் எல்லாம் ஃபைலில் இருக்கிறதே. எழுத்தில் இருந்தால் இரண்டுதான் என்று பாரத்தில் சொன்னபடி, அடித்து இரண்டாக்கினேன். தப்பு என்று தோன்றியது. எது தப்பு என்று சொல்லத் தெரியவில்லை.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கேட்டார். "எனக்கு எத்தினி மேடம்?"

பொய் சொல்ல வரவில்லை. "ரெண்டு."

"நோட்டு குடுக்கறதுக்கு முன்னாடி?"

"அஞ்சு."

அவர் கோபப்படவில்லை. நோட்டைத் துணியால் துடைத்துப் பையில் வைத்தார். "அப்ப இன்னாத்துக்குக் குட்த்தேன் நானு?" என்று என்னிடம் நிஜமாகவே கேட்டார். மெஷின் சத்தத்தைச் சாக்காக வைத்து, கேட்காததுபோல வந்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மறுநாள் காலை எம்.டி. அறைக்குப் போய், "சார், அவருக்கு ரெண்டு போட என்னால முடியலை. அஞ்சு போட்டா பாரம் தப்பாகுது" என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாரத்தை வாங்கி வெகு நேரம் பார்த்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கும் இது முழுசாப் புரியலை. செமினார்ல எல்லாரும் தலையாட்டினாங்க, நானும் ஆட்டினேன்."

பிறகு பேனாவை எடுத்து மூன்று என்று எழுதினார்.

ரிப்போர்ட் நீலநிற அட்டையில் கட்டப்பட்டு, வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து வந்தவர்களுக்குக் காட்டப்பட்டது. அவர்கள் பாராட்டினார்கள். சில மாதத்தில் அண்ணன் பூந்தமல்லிப் பக்கம் வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டார். பாரிவாக்கத்தில் வீடு, அங்கிருந்து புதுக் கம்பெனி பக்கம் என்றார். அது மட்டும்தான் காரணமா என்று நான் கேட்கவில்லை.

அவருக்குப் பதிலாக வந்தவர் ஜெராக்ஸைப் பார்த்துக்கொண்டு அரைத்தார். பெரும்பாலும் சரியாகவே வந்தது. அதுதான் என்னை இன்னும் குழப்பியது. மழைக்காலத்தில் மட்டும் இரண்டு முறை சரக்கு திரும்பி வந்தது. ஜெராக்ஸில் மழை நாளுக்கான பக்கமும் இருந்தது. எழுதியிருந்தபடிதான் செய்ததாக அந்த மனிதர் சத்தியம் செய்தார். நானும் அவர் செய்ததை ஜெராக்ஸோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் தெரியவில்லை.

அடுத்த வருடம் பாரங்கள் மறுபடி வந்தன. எம்.டி. என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நான் முதல் பாரத்தை எடுத்து, ஆளின் பெயரை மட்டும் எழுதி, மார்க்குக் கட்டங்களைக் காலியாக விட்டேன்.