ஒரே வரியில் அடங்கிய பெயர்

எங்கள் மாலைப் பத்திரிகையில் பக்கம் வடிவமைக்கிறவனை எல்லோரும் ஒல்லி என்றுதான் கூப்பிடுவோம். ஆளும் ஒல்லி, அவன் தலைப்புகளுக்கென்று வரைந்த எழுத்தும் ஒல்லி. ஆனால் எழுத்துக்குக் கனம் அதிகம். தடித்த கோடுகளும் கூரான முனைகளுமாக, தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். அதில் 'மழை நின்றது' என்று போட்டால்கூட ஏதோ விபரீதம் போலத் தெரியும். எனக்கு அது முதலிலிருந்தே பிடிக்கவில்லை. பிழை திருத்துகிறவன் பேச்சு அங்கே எடுபடுமா?

அதற்கு முன் போட்ட பழைய எழுத்து அகலம், நீளமான பெயர் ஒரு வரியில் அடங்காது. முதல் பக்கத் தலைப்பு ஒரே வரிதான் என்பது ஆசிரியரின் பிடிவாதம். அதனால் சாதாரண ஜனங்கள் 'ஊழியர்', 'ஓட்டுநர்' என்று பெயர் வெளிவராமல் தப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஒல்லி தன் எழுத்தைச் சோதிக்க, தனக்குத் தெரிந்ததிலேயே நீளமான பெயரை எடுத்தான். அது அவன் தங்கை புருஷன் பெயர். கூடவே 'வந்தார்' என்று சேர்த்தான். ஒரே வரியில் கச்சிதமாக அடங்கியது. அச்செடுத்து மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினான். வருகிறவர்களிடமெல்லாம் ஆசிரியர் அதைக் காட்டிப் பீற்றிக்கொண்டார்.

அந்த மச்சான் ஊர்க் குடிநீர்த் தொட்டியில் வேலை பார்ப்பவர். ஒரு நாள் காலை, அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களால் ஆஸ்பத்திரி நிறைந்தது. குழந்தைகள் சிலர் பிழைக்கவில்லை. மச்சானைப் போலீஸ் விசாரிக்க அழைத்துப்போனது. தங்கை ஒல்லிக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, அவர் மேல தப்பில்ல, அனுப்பிடுவோம்னு சொல்றாங்க. யாருன்னு இன்னும் வெளியே தெரியாது. பேர் மட்டும் பேப்பர்ல வராம பாத்துக்க. தெரு முனையில கூட்டம் கம்போட, தொட்டி ஆளு யாருன்னு கேட்டுக்கிட்டு நிக்குது. பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு கதவைப் பூட்டிட்டு இருக்கேன்."

"நான் இருக்கேன்ல, பயப்படாதே" என்றான் ஒல்லி.

அதற்குள் நிருபர் போலீஸிடமிருந்து பெயரைக் கறந்து வந்துவிட்டார். ஆசிரியர் தலைப்பை எழுதி நீட்டினார். முழுப் பெயர், பக்கத்தில் 'சிக்கினார்'. சொந்தம் என்று சொன்னால் நிருபரை நேரே தங்கை வீட்டுக்கே அனுப்பிவிடுவார் என்பது ஒல்லிக்குத் தெரியும்.

"இது அடங்காது சார். 'ஊழியர்'னு போட்டுடலாம்."

ஆசிரியர் எழுந்து வந்தார். கணினியைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"என்னப்பா விளையாடுற? அதே பேரு! நீயே அடக்கி வெச்சிருக்கியே! அந்த 'வந்தார்' மட்டும் மாத்து, போதும்."

"சார்... அவர் என் தங்கச்சி வீட்டுக்காரர் சார்."

"அப்படியா?" ஆசிரியரின் குரல் தணிந்தது. "அப்ப போட்டோ இருக்குமே?"

மேசையில் ஒல்லியின் போன் அடித்தது. தங்கைதான். அவன் எடுக்கவில்லை.